ஊசி போட்டு அனுப்பிவிடலாமா? கருணைக் கனவான்களுக்கு நமது பதில்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நடந்த ஒரு வாக்குவாதத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. டீக்கடைப் பேச்சுக்கு ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கட்டும். அன்று அங்கே பேசப்பட்டது ஒரு தொழிலாளியின் உயிரைப் பற்றி.

குட்ஸ் யார்டில் முப்பத்தைந்து வருஷம் மூட்டை தூக்கியவர். வாயில் புற்று. தாடை வீங்கி, கன்னத்தில் துளை விழுந்து, இரவு முழுவதும் அவர் முனகுவது நான்கு வீடு தள்ளிக் கேட்கும். ஒரு நாள் விடியற்காலம் மகனைக் கூப்பிட்டு, "போதும்டா. ஆஸ்பத்திரியில சொல்லி ஒரு ஊசிய போட்டு முடிச்சிடச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். மகன் மணலிப் பக்கம் காண்டிராக்ட் தொழிலாளி. "நைனா இப்படிச் சொல்லிட்டாரே" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

உடனே யோசனை சொல்ல ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள்! சட்டை மடிப்புக் கலையாத ஒரு கனவான், "இதில் அழ என்ன இருக்கிறது? வெளிநாட்டில் எல்லாம் ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடுகிறார்கள். நம் சுப்ரீம் கோர்ட்டே அனுமதி கொடுத்தாகிவிட்டது. நம் ஜனங்களுக்குத்தான் விவரம் தெரியவில்லை" என்றார். தெற்குச் சீமையிலிருந்து பிழைக்க வந்த ஒருவர், "எங்க ஊர்ப் பக்கம் கோர்ட்டு எதுக்குண்ணே? எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்தா முடிஞ்சுபோகும்" என்றார். நெற்றி நிறையப் பட்டை அடித்த மூன்றாமவரோ, "அவரவர் கர்மம். அனுபவிச்சுத்தான் தீரணும்" என்று தீர்ப்பளித்துவிட்டு டீயை உறிஞ்சினார்.

கவனித்தீர்களா, தோழர்களே? மூன்று பேரில் ஒருவர்கூட "அவருக்கு வலிக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்?" என்று கேட்கவில்லை.

முதலில் கனவானைக் கவனிப்போம். சுப்ரீம் கோர்ட் அனுமதி கொடுத்தது என்கிறார். எதற்கு அனுமதி? 2018 மார்ச் 9ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கொடுத்த தீர்ப்பு இதுதான்: மீள வழியில்லாத நிலையில் இருக்கும் நோயாளிக்கு, உயிரை இழுத்துப் பிடித்திருக்கும் செயற்கைச் சாதனங்களைத் தொடராமல் விடலாம், தொடங்காமலும் இருக்கலாம். இயற்கையாக வரும் சாவைக் குழாய்களைக்கொண்டு மறிக்காமல் விடுவது அது. ஊசி போட்டுக் கொல்வதற்கு இந்த நாட்டில் எந்தக் கோர்ட்டும் அனுமதி கொடுக்கவில்லை. அது கொலைக் குற்றம். டாக்டர் செய்தாலும் குற்றம். மகன் செய்தாலும் குற்றம். படித்த கனவான் ஒரு தீர்ப்பைத் தலைகீழாகப் படித்துவிட்டு ஏழைக்கு விவரம் தெரியவில்லை என்கிறார்!

அந்தத் தீர்ப்பில் நமக்கு உபயோகமான ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கனவான் சொல்லவில்லை, நாம் சொல்கிறோம். பதினெட்டு வயது நிரம்பி, நல்ல புத்தியோடு இருக்கும் எவரும் முன்கூட்டியே ஒரு பத்திரம் எழுதி வைக்கலாம். "எனக்குப் பேச்சு நினைவு தப்பி, பிழைக்கும் வழி இல்லை என்றாகிவிட்டால், மூச்சு இயந்திரத்தில் போட வேண்டாம், என் சார்பில் முடிவெடுக்க இன்னாரை நியமிக்கிறேன்" என்று எழுதலாம். 2018இல் அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கூலிக்காரன் மாஜிஸ்திரேட்டைத் தேடி எங்கே போவான்? நடைமுறைக்கு ஒவ்வாத ஏற்பாடு. 2023 ஜனவரியில் அதைத் திருத்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும், ஒரு நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரியும் போதும். எழுதியவர் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். சாதனத்தை நிறுத்துமுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் குழுவும், அதற்குமேல் இன்னொரு குழுவும் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

இது உரிமை. இதை நாம் ஆதரிக்கிறோம். தன் உடம்பில் எந்தக் குழாய் நுழையலாம், எது நுழையக்கூடாது என்று சொல்லும் உரிமை மாடிவீட்டுக்காரருக்கு இருக்கும்போது மூட்டைத் தூக்குகிறவனுக்கும் இருக்க வேண்டும். உழைத்த உடம்பு அவனுடையது.

ஆனால் இந்த உரிமை இன்று எப்படி நடக்கிறது? பணம் வைத்திருப்பவர் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், பிழைக்க மாட்டார் என்று தெரிந்தும் இயந்திரத்தை எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் பில் ஏறுகிறதல்லவா? "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்பார்கள். வீட்டுப் பத்திரம் அடகுக்கடைக்குப் போகும். "நிறுத்துங்கள்" என்று சொல்ல உரிமை உண்டென்பதே குடும்பத்துக்குத் தெரியாது. பணம் தீர்ந்த அன்று என்ன நடக்கிறது? ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். டாக்டர் ஆலோசனைக்கு விரோதமாக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகிறோம் என்று அதில் அச்சடித்திருக்கும். கீழே மகனோ மனைவியோ கையெழுத்துப் போட வேண்டும். ஆம்புலன்ஸிலேயே உயிர் போகும். கோர்ட் இல்லை, டாக்டர் குழு இல்லை, நோட்டரி இல்லை. நோயாளியைக் கேட்பாரும் இல்லை. மணிபர்ஸ் தீர்ப்பளித்துவிட்டது! இதற்குச் "சுய விருப்பம்" என்று பெயர். கருணைக் கொலை கூடுமா கூடாதா என்று மேடைபோட்டு விவாதிக்கிற பெரியவர்கள் இந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதைக் காணோம்.

தெற்கத்தி நண்பருக்கு வருவோம். அவர் மீது நமக்குக் கோபமில்லை. அவர் நம் ஆள். கூலி விவசாயியின் மகன். அவர் சொன்ன வழக்கத்துக்குத் தலைக்கூத்தல் என்று பெயர். விருதுநகர், மதுரை, தேனி வட்டாரங்களில் இருந்து வந்திருக்கிறது, பத்திரிகைகளில் பலமுறை வெளிவந்திருக்கிறது, சினிமாவாகவும் எடுத்திருக்கிறார்கள். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு எண்பது வயதுப் பெரியவர், தனக்கு எண்ணெய்க் குளியல் ஏற்பாடாவதைக் காதில் கேட்டு, தப்பியோடி உறவினர் வீட்டில் புகுந்துகொண்ட செய்தி வந்தது. அந்தக் கிழவரின் ஓட்டம் எல்லா வாதத்துக்கும் பதில். கருணை என்றால் அவர் ஏன் ஓடினார்? அவரை யார் கேட்டார்கள்?

இது நம் வர்க்கத்துக் குடிசைகளிலும் நடந்திருக்கிறது. மூடி மறைக்க மாட்டோம். மறைத்தால் சுயவிமர்சனம் என்ற சொல்லை நாம் உச்சரிக்கக்கூடாது. வானம் பார்த்த பூமி. மகன் திருப்பூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போயிருப்பான். மருமகளுக்கு ஒரு நாள் கூலி போனால் அன்று அடுப்பு எரியாது. படுக்கையில் கிடப்பவருக்கு மலஜலம் எடுக்க, புண் கழுவ, கஞ்சி ஊட்ட ஒரு ஆள் முழுநேரம் வேண்டும். அந்த ஆளுக்கு யார் கூலி கொடுப்பது? மத்திய சர்க்கார் முதியோர் பென்ஷனுக்குத் தன் பங்காக மாதம் 200 ரூபாய் என்று 2006இல் நிர்ணயித்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. எண்பது வயது ஆகாதவர்களுக்கு அந்த 200 பல வருஷம் அசையவில்லை. மாநில சர்க்கார் மேலே போட்டு 2023இல் 1,200 ரூபாய் ஆக்கியது. மாதம் 1,200 ரூபாயில் ஒரு படுக்கை நோயாளியைப் பராமரித்துக் காட்ட எந்த மந்திரியாவது முன்வருவாரா?

பட்டினியும் தனிமையும் சேர்ந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் கொடுக்கின்றன, உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சாக்காக வைத்து, கொலையைப் பண்பாடு என்று நாம் மெழுக மாட்டோம். பழந்தமிழர் மரபு என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தானாம்! இருந்தான். அவன் ராஜா. தானே முடிவெடுத்து, தானே போய் உட்கார்ந்தான். நண்பர் பிசிராந்தையார் கூட உட்கார்ந்தார், புலவர்கள் பாடினார்கள். கூலிக்காரக் கிழவியைக் குளிப்பாட்டும்போது எந்தப் புலவன் பாடினான்? ஊர் வாயை மூடிக்கொண்டதே தவிர வேறென்ன நடந்தது?

கர்மம் பேசியவருக்கு அதிகம் பதில் வேண்டியதில்லை. அவருக்குப் பல்வலி வந்தால் கர்மம் என்று சும்மா இருக்கிறாரா, மருந்துக் கடைக்கு ஓடுகிறாரா என்று அவரே சொல்லட்டும்.

சில தோழர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். "மார்க்ஸின் மருமகன் லஃபார்க்கும், மகள் லாராவும் 1911இல் தாமாகவே உயிரை முடித்துக்கொள்ளவில்லையா? அவர்கள் இறுதிச் சடங்கில் லெனினே பேசினாரே? ரஷ்யாவில் 1922 கிரிமினல் சட்டத்தில், நோயாளி கேட்டுக்கொண்டதன்பேரில் இரக்கத்தால் செய்த கொலைக்குத் தண்டனை இல்லை என்று எழுதினார்களே?" என்கிறார்கள். ஆம், எழுதினார்கள். அதே வருஷத்திலேயே அதை நீக்கியும் விட்டார்கள். கேட்டாரா, யாருக்காகக் கேட்டார், யார் கேட்கவைத்தார்கள் என்பதை எப்படி நிரூபிப்பது? லஃபார்க்கைப் பொறுத்தவரை, அந்த மனிதரின் வாழ்வை மதிக்கிறோம். அந்த முடிவைப் பாடமாக வைக்க மாட்டோம். முதுமை வந்தால் இயக்கத்துக்குச் சுமையாகிவிடுவோம் என்று ஒரு முதிய தோழர் பயப்பட்டால், வெட்கப்பட வேண்டியது இயக்கம்.

சுமை! இந்தச் சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. ஹிட்லரின் ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகத்திலேயே கேள்வி கொடுத்தார்கள்: ஒரு ஊனமுற்றவரை வைத்துக் காப்பாற்ற நாளைக்கு இவ்வளவு செலவு, அந்தப் பணத்தில் எத்தனை குடும்பத்துக்கு வீடு கட்டலாம் என்று. 1939இலிருந்து 1941க்குள், ஆஸ்பத்திரிகளிலிருந்து பஸ்ஸில் ஏற்றிப்போய் 70,000 பேருக்கு மேல் விஷவாயுவில் கொன்றார்கள். அதற்கும் கருணைச் சாவு என்றுதான் பெயர் வைத்தார்கள்.

அது பாசிசம், இன்று ஜனநாயகத்தில் அப்படி நடக்காது என்பார் கனவான். சரி, அவர் மெச்சும் வெளிநாட்டையே பார்ப்போம். கனடாவில் 2016இல் டாக்டர் உதவியோடு மரணம் சட்டமாயிற்று. நோயாளி கேட்க வேண்டும், டாக்டர்கள் சரிபார்க்க வேண்டும் என்றெல்லாம் காவல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். 2021இல், சாவு அருகில் இல்லாதவர்களுக்கும் அதை விரித்தார்கள். அதற்குச் சற்று முன்னால், 2020 அக்டோபரில், பார்லிமெண்டின் பட்ஜெட் அதிகாரி ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தச் சாவுகளால் வைத்தியச் செலவில் 2021ஆம் வருஷம் மிச்சமாகும் தொகை சுமார் 14 கோடியே 90 லட்சம் டாலர்! செலவு குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை என்றும் அந்த அறிக்கையே எழுதியது. ஆனாலும் கணக்குப் போட்டார்கள். 2022இல் ஒரு செய்தி வந்தது. சிகரெட் புகையும் ரசாயன வாடையும் ஒத்துக்கொள்ளாத நோய்கொண்ட ஒரு பெண்மணி, காற்றோட்டமான வேறு வீடு கேட்டு இரண்டு வருஷம் அலைந்தார். வீடு கிடைக்கவில்லை. மரணத்துக்கு விண்ணப்பித்தார். அது கிடைத்தது. அவ்வளவு செல்வமுள்ள நாட்டில் இது நடந்தால், கொருக்குப்பேட்டையில் ஊசி மலிவாகக் கிடைக்கும்போது என்ன நடக்கும்? ஊசிக்கு இன்ஷூரன்ஸ் உடனே கிடைக்கும். புண்ணுக்குப் பஞ்சு கிடைக்காது.

பம்பாயில் நடந்த ஒன்றைத் தொழிலாளி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பரேல் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருந்த பகுதி. அங்கே மாநகராட்சியின் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் நர்ஸாக இருந்தார். 1973 நவம்பரில் அதே ஆஸ்பத்திரி ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து அவரைப் பலாத்காரம் செய்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் அருணா படுக்கையில் விழுந்தார். வருஷங்கள் ஓடின. படுக்கை காலியாக வேண்டும் என்று மாநகராட்சி அவரை வெளியே அனுப்பப் பார்த்தபோது நர்ஸுகள் போராட்டத்தில் இறங்கித் தடுத்துவிட்டார்கள். எழுத்தாளர் ஒருவர், அருணாவுக்கு உணவை நிறுத்தி அமைதியாகச் சாக விட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். அவர் நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் 2011 மார்ச் 7ஆம் தேதி கோர்ட் மனுவை நிராகரித்தது. அருணாவின் சார்பில் பேச உரிமையுள்ள நெருங்கியவர்கள் அவரைப் பராமரித்த ஆஸ்பத்திரி ஊழியர்களே என்றது. உயிர்ச்சாதனத்தை விலக்குவது பற்றிய சட்டக் கதவு இந்தியாவில் முதலில் திறந்ததும் அந்தத் தீர்ப்பில்தான். 2015 மே 18 அன்று நிமோனியாவில் அருணா இறந்தார். நாற்பத்தோரு வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்த உடம்பை நர்ஸுகள் எப்படிக் காத்தார்கள் என்பதை டாக்டர்களே வியந்து சொன்னார்கள்.

எல்லாரையும் அப்படி நாற்பது வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. அருணா என்ன விரும்பினார் என்று யாராலும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதுதான் அந்தக் கதையின் கொடுமை. அதற்காகத்தான் பேசத் தெம்பிருக்கும்போதே எழுதி வைக்கச் சொல்கிறோம். ஆனால் அவர் சார்பில் நின்றது யார் என்று பாருங்கள். கூட வேலை செய்த தொழிலாளர்கள்.

இனி நம் லோடுமேன் விஷயம்.

டீக்கடையிலிருந்து தோழர்கள் நேரே அவர் வீட்டுக்குப் போனார்கள். என்ன மருந்து என்று பார்த்தால், ஜுரத்துக்குக் கொடுக்கும் மாத்திரை! அவர் கடைசியாக வைத்தியம் பார்த்த இடத்தில், "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பியிருந்தார்கள். செய்ய ஒன்றுமில்லையாம்! மார்ஃபின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அபினிலிருந்து எடுப்பது. புற்றுநோய் வலிக்கு உலகம் முழுவதும் கொடுப்பது. மாத்திரை விலை சில ரூபாய்தான். நம் நாட்டு விவசாயி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் லைசென்ஸ் பெற்று அபின் விளைவிக்கிறான். சர்க்காரே வாங்கி, நீமச்சிலும் காஜிப்பூரிலும் பதப்படுத்தி, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து வந்திருக்கிறது. வெள்ளைக்கார நோயாளியின் வலி தணியும். விளைவித்தவனின் தகப்பன் கத்திக்கொண்டே சாவான். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் மார்ஃபினைத் தொடவே அஞ்சின. 2014இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஆனாலும் அச்சம் போகவில்லை. எத்தனையோ டாக்டர்களுக்கு அதைக் கொடுக்கும் பயிற்சியும் இல்லை. வலி தணிக்கும் பராமரிப்பு தேவைப்படுகிற இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே அது கிடைக்கிறது என்று இந்தத் துறை டாக்டர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மூன்று நாள் அலைந்தார்கள் தோழர்கள். இந்த வரிசை, அந்தச் சீட்டு, அந்த அறை பூட்டியிருக்கிறது, நாளைக்கு வா. நான்காம் நாள் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் முழுக் கதையையும் கேட்டு, மார்ஃபின் எழுதிக்கொடுத்து, புண்ணைக் கழுவும் முறையை மகனுக்கும் மருமகளுக்கும் செய்து காட்டினார். புண்ணில் நாற்றம் போக என்ன தூவ வேண்டும், மலச்சிக்கல் வராமல் என்ன கொடுக்க வேண்டும் என்பது வரை சொன்னார். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நம் பத்திரிகையைப் படித்துக் காட்டச் சொன்னார். ஊசிப் பேச்சை மறுபடி அவர் எடுக்கவே இல்லை. நாமாகக் கேட்டோம். "அப்ப நோவு பேசுச்சிப்பா. நான் எங்க பேசினேன்?" என்றார்.

சுமார் நாலு மாதம் இருந்தார். கடைசியில் தொண்டை அடைத்து, வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கும் என்று யோசனை வந்தது. பெரியவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மகன் கெஞ்சினார். "நைனா, எனக்காகவாவது." மறுபடியும் கையை ஆட்டினார். டாக்டர் அவரையே இரண்டு தடவை கேட்டு, வலி மருந்தைத் தொடர்ந்து, அவர் சொன்னபடி விட்டார். தன் வீட்டில், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, முனகாமல் போனார்.

முதல் தடவை அவர் கேட்டது ஊசி. இரண்டாம் தடவை அவர் மறுத்தது குழாய். இரண்டையும் ஒரே "தேர்வு உரிமை" என்று கனவான் ஒரே மூட்டையில் கட்டுகிறார். முதலாவதைக் கேட்கவைத்தது மருந்து கொடுக்காத சமுதாயம். இரண்டாவது, வலி நின்றபின், மனிதன் தன் வாயால் சொன்ன முடிவு. முதலாவதை அப்படியே நிறைவேற்றியிருந்தால் இரண்டாவதைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார்.

முடியாத காரியமா இது? கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டு மெடிக்கல் காலேஜில் சில டாக்டர்கள் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்து ஜனங்கள் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். 2008இல் மாநில சர்க்கார் அதைக் கொள்கையாகவே அறிவித்தது. பஞ்சாயத்துகள் நர்ஸை வீட்டுக்கு அனுப்புகின்றன. நம் வட சென்னையிலேயே மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா இல்லம், முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணம் வாங்காமல் பராமரித்து வந்திருக்கிறது. அந்தச் சேவையை வணங்குகிறோம். ஆனால் சர்க்கார் செய்ய வேண்டியதைத் தர்மவான்களின் வாசலில் விட்டுவிட்டுப் போக முடியாது. 2021 ஆகஸ்டில் மாநில சர்க்கார் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. நம் லோடுமேன் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. வீடு வீடாகப் போகும் பெண்களுக்குச் சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்று கையில் சொற்பத்தை வைத்தால், அவர்கள் எத்தனை வீட்டுப் படி ஏறுவார்கள்?

நாம் கேட்பது இது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரங்களில் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வலி தணிக்கும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். மார்ஃபின் ஸ்டாக் இருக்கிறதா இல்லையா என்று வாசலில் போர்டு எழுதி வைக்க வேண்டும். படுக்கை நோயாளியைப் பராமரிப்பவருக்கு இழந்த கூலி கிடைக்க வேண்டும். கிராமத்துக் கூலிக் குடும்பத்துக்கும் அதேதான். முன்கூட்டி எழுதும் பத்திரம் தமிழில் அச்சாகி, வக்கீலுக்குக் காசு கொடுக்காமல் பஞ்சாயத்து ஆபீஸிலும் வார்டு ஆபீஸிலும் கிடைக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை எழுதிய மனு ஒன்று கொருக்குப்பேட்டைச் சங்க அலுவலகத்தில் கையெழுத்துக்காக வைத்திருக்கிறது. அதே மேஜையில், தமிழில் டைப் அடித்த அந்தப் பத்திரத்தின் நகலும் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு தோழர் இருந்து படித்துச் சொல்வார். ஷிப்ட் முடிந்து வரும் தோழர்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வரவும். முதலில் கையெழுத்துப் போட்டிருப்பது லோடுமேனின் மகன்.